வண்டிச் சில்லில் எரிந்த மெழுகுதிரிகள்



திருவருகைக் காலம் தொடங்கியதும் எமது ஆலயங்களிலே பீடத்தின் அருகில் பச்சை வளையம் ஒன்று வந்து அமர்ந்துகொள்கிறது. அதிலே நான்கு மெழுகுதிரிகள். ஞாயிறுக்கு ஒன்றாக அவற்றை ஏற்றுகிறோம். நான்காவது திரியும் எரிந்துவிட்டால் நத்தார் வாசலுக்கு வந்துவிட்டது என்று பிள்ளைகள் துள்ளுகிறார்கள். கைவேலை தெரிந்த தாய்மாரும் அக்காமாரும் பச்சைக் கம்பளி நூலை எடுத்துக் குறோசே ஊசியாலே அழகான வளையம் பின்னி வீட்டு வாசலிலே தொங்கவிடுவதும் உண்டு.

வளையம் என்றதும் எமது மக்களுக்கு முதலில் நினைவு வருவது மரண வீடு. சவப்பெட்டியின் மேல் வைக்கும் மலர்வளையத்தைத்தான் நாம் காலங்காலமாகக் கண்டு பழகியிருக்கிறோம். இந்த வளையமோ பிறப்புக்காகக் காத்திருக்கும் வளையம். இதை முதன்முதலிலே செய்தவர் யார்? யாருக்காகச் செய்தார்? எந்தத் துன்பத்தின் நடுவிலே செய்தார்? இவற்றை அறிந்துகொண்டால், அடுத்த முறை அதைக் கையில் எடுக்கும்போது நீங்கள் வேறு எண்ணத்தோடு எடுப்பீர்கள். ஆகவே இவ்வாரம் அந்த மனிதரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறோம்.

அவர் பெயர் யோகான் ஹின்றிக் விக்கேர்ன். அவர் எமது திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர்; ஜேர்மனியின் லூத்தரன் சபையைச் சேர்ந்த இறையியலாளர். ஆனால் அவர் ஏற்றிய சுடர் இன்று எமது பீடத்தின் அருகிலும் எரிகிறது. நல்ல விளக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று வெளிச்சம் கேட்பதில்லை.

தகப்பனை இழந்த மூத்த மகன்

1808ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ஜேர்மனியின் துறைமுக நகரமான ஹம்பேர்க்கிலே விக்கேர்ன் பிறந்தார். அக்காலத்தில் அந்நகரம் நெப்போலியனின் படைகளின் பிடியில் இருந்தது. வணிகத்தால் செழித்திருந்த நகரம் போரினால் நலிந்து கிடந்தது. தகப்பனார் நொத்தாரிசாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உழைத்துக் குடும்பத்தைக் காத்தார். பிள்ளைகள் ஏழு பேர், விக்கேர்னே மூத்தவர்.

1823இல் தகப்பனார் இறந்தார். அப்பொழுது விக்கேர்னுக்கு வயது பதினைந்து. மூத்த பிள்ளையின் தோளிலே குடும்பப் பாரம் விழுவது எப்படியிருக்கும் என்பதை உங்களில் பலர் சொல்லிக்கொடாமலே அறிவீர்கள். தாயாருக்கு உதவியாக அவர் வீடு வீடாகச் சென்று பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் ஒரு தனியார் பாடசாலையில் உதவியாளராக வேலை செய்தார். தாம் படிக்க வேண்டிய வயதிலே பிறர் பிள்ளைகளைப் படிப்பித்தார். குருத்துவப் பணிக்குப் படிக்கவேண்டும் என்ற ஆசை மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. நல்லுள்ளம் கொண்ட சிலர் பண உதவி செய்ய முன்வந்தனர். 1828இல் கெற்றிங்கன் பல்கலைக்கழகத்திலும் பின்னர் பேர்லினிலும் இறையியல் கற்று, 1832இல் ஹம்பேர்க்கிலே தேர்வில் சித்தியடைந்தார்.

படித்து முடித்தவருக்கு உடனே ஒரு பங்கு கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு ஞாயிறு பாடசாலை. ஹம்பேர்க்கின் சென்ற் ஜியோர்ஜ் என்னும் ஏழைப் பகுதியிலே, றௌட்டன்பேர்க் என்ற போதகர் நடத்திய அப்பாடசாலையிலே அவர் ஆசிரியரானார். இதுவே அவருடைய வாழ்வின் திருப்பமாயிற்று.

ஞாயிறு பாடசாலைக்கு வராத பிள்ளைகளைத் தேடி அவர் வீடுகளுக்குப் போனார். வீடு என்று சொல்லத்தகாத இடங்கள் அவை. இரண்டு ஆட்கள் சேர்ந்து நடக்க முடியாத ஒடுங்கிய ஒழுங்கைகள். வெளிச்சம் எட்டாத அறைகள். ஒரே அறையிலே பல குடும்பங்கள். குடியினால் சீரழிந்த தகப்பன்மார், வேலையில்லாத தாய்மார், தெருவிலே பிச்சையெடுத்தும் திருடியும் வயிறு வளர்க்கும் சிறுவர்கள். கண்டவற்றையெல்லாம் அவர் எழுதி வைத்துக்கொண்டார். ஞாயிறன்று ஒரு மணி நேரம் மறைக்கல்வி சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபடியும் அதே சேற்றுக்குள் பிள்ளையை அனுப்புவதால் பயனென்ன என்ற கேள்வி அவருடைய நெஞ்சைக் குடைந்தது. அப்பிள்ளைகளுக்குப் பாடத்திலும் மேலாக ஒரு வீடு தேவை என்பதை அவர் உணர்ந்தார்.

மதிலில்லாத வீடு

1833ஆம் ஆண்டு செப்ரெம்பர் 12ஆம் நாள், ஹம்பேர்க்கிலே பொதுக்கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. இருபத்தைந்து வயது இளைஞரான விக்கேர்ன் தமது திட்டத்தை அங்கே எடுத்துரைத்தார். நகரின் உயர் அதிகாரிகளுள் ஒருவரான கார்ல் சீவெக்கிங், ஹோர்ன் என்னும் புறநகர்க் கிராமத்தில் தமக்கிருந்த நிலத்தையும் அதிலிருந்த ஒரு பழைய வீட்டையும் இப்பணிக்கென்று கொடுத்தார். கூரை வேய்ந்த சிறிய வீடு அது. ஊர்ச்சனங்கள் அதை முன்பிருந்தே றௌஹஸ் ஹவுஸ் என்று அழைத்து வந்தனர். கரடுமுரடான வீடு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் விக்கேர்ன் தமது தாயுடனும் சகோதரியுடனும் அவ்வீட்டிற் குடிபுகுந்தார். சில நாட்களிலே முதல் மூன்று சிறுவர்கள் வந்து சேர்ந்தனர். ஆண்டு முடிவதற்குள் பன்னிரண்டு பேராகினர். ஐந்து வயதுக் குழந்தையும் இருந்தது. பதினெட்டு வயது இளைஞனும் இருந்தான். அவர்களுள் ஒருவன்மேல் பொலிசாரிடம் பதிவாகியிருந்த திருட்டுக்கள் மட்டும் தொண்ணூறுக்கு மேல்.

இத்தகைய பிள்ளைகளை வேறெவராவது ஏற்றிருந்தால் முதலில் மதிலைக் கட்டியிருப்பார்கள்; பூட்டை வாங்கியிருப்பார்கள்; பிரம்பை எடுத்திருப்பார்கள். விக்கேர்ன் மதில் கட்டவில்லை. கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட்டு அடைத்து வைக்கவும் இல்லை. வந்து சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல்நாளே ஓர் உறுதி கொடுத்தார். அவன் இதுவரை செய்த எல்லாம் மன்னிக்கப்பட்டாயிற்று. இனி அதைப்பற்றி இவ்வீட்டில் எவரும் பேசப்போவதில்லை. அவனைக் கட்டி வைக்க இங்கே சங்கிலி ஒன்றுமில்லை, அன்பு என்ற ஒரே சங்கிலியைத் தவிர. ஊதாரி மைந்தனின் தகப்பன் தூரத்திலேயே மகனைக் கண்டு ஓடிச்சென்று கட்டியணைத்த கதையை நாம் எத்தனை தரம் வாசிக்கக் கேட்டிருக்கிறோம்! விக்கேர்ன் அதை வீட்டுச் சட்டமாகவே வைத்துவிட்டார்.

பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் ஒரே மண்டபத்தில் அடைக்கும் அநாதை இல்லங்கள் மலிந்திருந்த காலம் அது. அவர் அப்படிச் செய்யவில்லை. பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு குடும்பமாக்கி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறிய வீடும், மூத்த தமையனைப் போல் கூடவே வாழும் ஒரு சகோதரரும் என்று அமைத்தார். அந்தச் சகோதரர்களும் அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். தோட்டவேலை, தச்சுவேலை, சப்பாத்துத் தைத்தல், தையல், அச்சுவேலை, புத்தகம் கட்டுதல் என்று பிள்ளைகளுக்குத் தொழில்கள் கற்பிக்கப்பட்டன. பாட்டும் இசையும் வீடெங்கும் ஒலித்தன. 1835இல் ஞாயிறு பாடசாலைப் பணியிலே பழக்கமான அமண்டா பேமெ என்னும் நங்கையை அவர் மணந்தார். பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாண்டிலேயே வீடு திறக்கப்பட்டது.

எத்தனை நாள் இருக்கிறது?

இனி வளையத்தின் கதைக்கு வருவோம்.

வடதிசை நாடுகளில் டிசெம்பர் மாதம் இருண்ட மாதம். பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பனியும் குளிரும் வெளியே, பிள்ளைகள் உள்ளே. நத்தார் எப்போது வரும், இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அவர்கள் நாள்தோறும் கேட்டு விக்கேர்னைத் துளைத்தெடுத்தார்கள் என்று அந்த இல்லத்தவர் சொல்லிவருகின்றனர்.

வாசகரே, இந்தக் கேள்வியைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளை இக்கேள்வியைக் கேட்டால் அது ஆசையினால் எழும் கேள்வி. நத்தாருக்குப் புதுச்சட்டை வரும், பலகாரம் வரும் என்பது அதற்குத் தெரியும். தெருவிலே வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கோ எதிர்பார்க்கும்படி எதுவும் வாழ்வில் இருந்ததில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகள் பெரும்பாலும் பொய்த்துப் போனவை. வருவேன் என்று போன தகப்பன் வரவில்லை. நாளைக்குத் தருவேன் என்ற சோறு கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை இன்னும் எத்தனை நாள் என்று கேட்கத் தொடங்கியதே பெரிய காரியம். நம்பத் தொடங்கிய பிள்ளைதான் நாளை எண்ணும்.

அதற்கு விக்கேர்ன் வாயால் விடை சொல்லவில்லை. கண்ணாலே காணும்படி விடை செய்தார். 1839ஆம் ஆண்டு திருவருகைக் காலத்திலே ஒரு பெரிய மர வளையத்தைச் செபமண்டபத்திலே தொங்கவிட்டார். அது ஒரு பழைய வண்டிச் சில்லு என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன்மேல் மெழுகுதிரிகளை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகள் நான்கு. கிழமை நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள். அவ்வாண்டில் திருவருகையின் முதல் ஞாயிறு டிசெம்பர் முதலாம் நாளிலேயே வந்தது.

செபவேளையிலே நாளுக்கு ஒரு திரி ஏற்றப்பட்டது. முதல்நாள் அந்தப் பெரிய மண்டபத்திலே ஒரேயொரு சுடர். மறுநாள் இரண்டு. நாள் செல்லச் செல்ல வெளியே இருள் கூடியது. உள்ளே ஒளி கூடியது. எரியாத திரிகளை எண்ணிப் பார்த்தால் போதும். இன்னும் எத்தனை நாள் என்று எவரிடமும் கேட்கத் தேவையில்லை. நத்தாருக்கு முந்திய இரவில் வளையம் முழுவதும் ஒளிவெள்ளம். அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று, நாள் தவறாமல், அவர்கள் கண்முன்னே நிறைவேறியது. கணக்கும் படித்தார்கள், காத்திருக்கவும் படித்தார்கள்.

திருவருகைக் காலம் எல்லா ஆண்டிலும் ஒரே அளவினதன்று. முதல் ஞாயிறு நவெம்பர் 27இலிருந்து டிசெம்பர் 3 வரை எந்த நாளிலும் வரலாம். ஆகவே டிசெம்பர் 24 வரை எண்ணினால் குறைந்தது 22 நாள், கூடியது 28 நாள். அந்த வளையத்தில் திரிகளின் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. 1860ஆம் ஆண்டளவிலே அதற்கு ஊசியிலைப் பச்சை சுற்றி அழகு செய்யும் வழக்கம் வந்தது. அங்கு பயிற்சி பெற்ற சகோதரர்கள் போன இடமெல்லாம் இவ்வழக்கத்தையும் கொண்டு போயினர். சிறிய வீடுகளுக்கு அத்தனை பெரிய சில்லு ஏது இடம்? ஆகவே சிவப்புத் திரிகள் குறைந்து மறைந்தன. ஞாயிறுக்குரிய நான்கு திரிகள் மட்டும் நிலைத்தன. 1925இல் கொலோன் நகரிலே கத்தோலிக்க ஆலயம் ஒன்றில் இவ்வளையம் முதன்முதல் தொங்கியது. அங்கிருந்து எமது திருச்சபை முழுவதும் பரவியது. நாமோ திருவருகையின் வழிபாட்டு நிறத்துக்கேற்ப ஊதாத் திரி மூன்றும், மகிழ்ச்சியின் ஞாயிறாகிய மூன்றாம் ஞாயிறுக்கு இளஞ்சிவப்புத் திரி ஒன்றுமாக வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டோம்.

புகழும் குறையும்

விக்கேர்னின் பணி அந்த வீட்டோடு நின்றுவிடவில்லை. 1848ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் விற்றன்பேர்க் நகரிலே கூடிய சபைப் பேரவையில் அவர் நீண்ட உரை ஒன்று ஆற்றினார். விசுவாசம் எவ்வளவு திருச்சபைக்கு உரியதோ அவ்வளவு அன்புப் பணியும் திருச்சபைக்கு உரியது என்பதே அதன் சாரம். அதன் பயனாக ஜேர்மனியிலே சிதறிக்கிடந்த பிறரன்பு நிறுவனங்களை ஒன்றிணைக்கும் மத்திய குழு ஒன்று உருவானது.

அதே ஆண்டிலே மேல் சிலேசியாப் பகுதியில் பஞ்சமும் கொடிய காய்ச்சலும் பரவின. பல்லாயிரம் பேர் மாண்டனர்; பெற்றாரை இழந்த பிள்ளைகள் எங்கும் அலைந்தனர். அங்கே வாழ்ந்தோர் பெரும்பாலும் கத்தோலிக்கர். விக்கேர்ன் தமது சகோதரர்களோடு அங்கு சென்று நோயாளருக்கும் அநாதைகளுக்கும் தொண்டு செய்தார். கத்தோலிக்கர் புரட்டஸ்தாந்தர் என்று ஒருவரையொருவர் விலக்கி நடந்த காலத்தில் இது நடந்தது என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

1857 முதல் அவர் பிரஷ்ய அரசின் அழைப்பை ஏற்றுச் சிறைச்சாலைச் சீர்திருத்தத்தில் ஈடுபட்டார். 1858இல் பேர்லினிலே யோகான்னஸ்ஸ்ரிஃப்ற் என்ற தொண்டு நிலையத்தையும் நிறுவினார். இங்கே அவருடைய வாழ்வின் குறையொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். கைதிகளைத் தனித்தனி அறைகளில் அடைத்து வைத்தால் தீய கூட்டுறவு நீங்கி அவர்கள் மனந்திரும்புவர் என்று அவர் நம்பினார், அம்முறையை ஆதரித்தார். தனிமைச்சிறை மனிதரின் மனத்தை எவ்வளவு சிதைக்கும் என்பதை இன்று நாம் அறிவோம். அக்காலத்திலேயே அவரைக் கண்டித்தோரும் இருந்தனர். பிள்ளைகளுக்கு மதிலில்லாத வீடு கொடுத்த மனிதர், வளர்ந்தவர்களுக்குத் தனியறையை நல்லதென்று எண்ணினார். நல்லவர்களும் எல்லாவற்றையும் சரியாகக் காண்பதில்லை. அவர்களிடம் நாம் கற்கவேண்டியதைக் கற்று, மற்றதைப் பணிவோடு விட்டுவிட வேண்டும்.

ஓயாத உழைப்பு அவருடைய உடலைத் தின்றது. பாரிசவாதம் தாக்கியது. கடைசி ஆண்டுகளை ஹம்பேர்க்கிலே நோயோடு கழித்து, 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் தமது எழுபத்திரண்டாம் வயதில் கண்மூடினார். இரண்டாம் உலகப் போரில், 1943இல், ஹம்பேர்க்கின்மேல் குண்டுமாரி பொழிந்தபோது அந்த இல்லத்தின் பெரும்பகுதி அழிந்தது. ஆயினும் பணி அழியவில்லை. றௌஹஸ் ஹவுஸ் இன்றும் ஹம்பேர்க்கிலே பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் நோயாளருக்கும் தொண்டு செய்கிறது.

விக்கேர்ன் அந்தப் பழைய வீட்டிற் குடிபுகுந்து எட்டு ஆண்டுகளின் பின், 1841ஆம் ஆண்டு அமலோற்பவ அன்னையின் திருநாளன்று, இத்தாலியின் தூரின் நகரிலே எமது புனித தொன் போஸ்கோ ஒரு தெருச்சிறுவனை அன்போடு வரவேற்றுத் தமது பணியைத் தொடங்கினார். ஒரே தலைமுறை, ஒரே வகைப் பிள்ளைகள், ஒரே மருந்து. பிரம்பால் ஆகாததை அன்பு ஆக்கும் என்பதை இருவரும் இரு திசைகளில் நின்று காட்டினார்கள்.

உங்கள் கையிலுள்ள வளையம்

இனி, குறோசே ஊசி பிடிக்கத் தெரிந்த சகோதரிகளுக்கு ஒரு சிறு யோசனை. இம்முறை விக்கேர்னின் பழைய கணக்கின்படியே உங்கள் வளையத்தைப் பின்னிப் பாருங்கள்.

ஒரு சாண் அகலமுள்ள வளையம் ஒன்று எடுங்கள். தடித்த கம்பியை வட்டமாக வளைத்து நுனிகளை நூலாற் சுற்றிக் கட்டினாலும் போதும். பச்சைக் கம்பளி நூலை வளையத்திலே முடிந்து, ஊசியை வளையத்துக்குள்ளே விட்டு நூலை இழுத்து, வெளிப்புறமாக மறுபடி நூலைக் கொளுவி, ஊசியிலுள்ள இரு கண்ணிகளுக்குள்ளாலும் இழுத்துவிடுங்கள். இப்படியே கம்பி தெரியாதபடி நெருக்கமாகச் சுற்றிவர வேண்டும். அவ்வாண்டுத் திருவருகை எத்தனை நாள் என்று முதலில் எண்ணிக்கொண்டு, நாளுக்கு ஐந்து கண்ணி வீதம் போடுங்கள். 24 நாளென்றால் 120 கண்ணிகள். இரண்டாம் சுற்றிலே ஏழு சங்கிலிக் கண்ணி பின்னி, நான்கைத் தாண்டி ஐந்தாவதிலே பொருத்துங்கள். இப்படிச் சுற்றி முடித்தால் இலைபோல் வளைந்த வளைவுகள் நாளுக்கு ஒன்றாக வந்துவிடும். பின்பு சிவப்பு நூலிலே சிறு பூக்களும், ஞாயிறுகளுக்காகச் சற்றுப் பெரிய வெள்ளைப் பூக்கள் நான்கும் பின்னி ஒரு பெட்டியில் வையுங்கள். மாலைச் செபத்தின்போது நாளுக்கு ஒரு பூவைப் பிள்ளையே எடுத்து வளைவிலே கட்டட்டும். நூல் வளையத்தின்மேல் எரியும் திரியை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். கம்பளி நூல் தீப்பற்றும். திரி ஏற்றுவதானால் புறம்பாக ஒரு தட்டிலே ஏற்றுங்கள்.

பின்னி முடித்தபின் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இந்த வளையம் அழகுக்காகப் பிறந்ததன்று. எவரும் எண்ணாத பிள்ளைகள் தங்கள் நாட்களை நம்பிக்கையோடு எண்ணுவதற்காகப் பிறந்தது. உங்கள் ஒழுங்கையிலும் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். நத்தார் வருகிறதென்று சொல்ல ஆளில்லாத வீடு ஒன்று இருக்கக்கூடும். இவ்வாண்டு ஒரு மாலையிலாவது அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுச் செபத்துக்கு அழையுங்கள். அன்றைய பூவை அதன் கையிலே கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். நாளைக்கும் வரச் சொல்லுங்கள். சொன்னபடி மறுநாளும் கதவைத் திறந்து வையுங்கள்.

மாட்டுத் தொழுவத்திலே இடம் தேடிப் பிறந்த பாலன் இயேசு, அந்தக் கதவின் வழியாகவே உங்கள் வீட்டுக்குள் வருவாராக.